இரண்டு படம், இரண்டு நிறம்: மலையில் எடுத்த படங்களை ஒப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் படம் திருத்துகிற மேசை என்னுடையது. கல்யாண ஆல்பம், எஸ்டேட்டுகளுக்கான படங்கள், தோடர் பூவேலைத் துணிகளை விற்பவர்களுக்கான படங்கள் என்று எல்லாம் வரும். கொடைக்கானலிலிருந்தும் சில நண்பர்கள் ஃபைல் அனுப்புவார்கள். எல்லோரும் கேட்பது கடைசியில் ஒன்றுதான்: "அண்ணா, ஒரே படம், பக்கத்துல பக்கத்துல வச்சா கலர் வேற மாதிரி இருக்கே, ஏன்?"

நிறம் மாறக்கூடிய இடங்கள் நான்கு. ஃபைலே வேறாக இருக்கலாம். அதைத் திறக்கும் சாஃப்ட்வேர் வேறு விதமாகப் படிக்கலாம். திரை வேறு விதமாகக் காட்டலாம். பார்க்கிற கண்ணும் அறை வெளிச்சமும் ஏமாற்றலாம். எந்த இடம் என்று தெரியாமல் ஸ்லைடரைத் தொட்டால், சரியாக இருந்த படத்தையும் கெடுத்துவிடுவோம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே.

இரண்டு படமும் உண்மையிலேயே வேறா, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஃபோட்டோஷாப்பில் இரண்டையும் திறந்து, ஓர் இடத்தின் நிறத்தை அளக்கும் ஐட்ராப்பரை எடுங்கள். ஒற்றைப் பிக்ஸலை அளக்காமல், 5க்கு 5 சராசரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிக்ஸலில் நாய்ஸ், அதாவது தாறுமாறான புள்ளிக் குறை, இருந்தால் எண் தப்பாக வரும். இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் வைத்து இன்ஃபோ பேனலில் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் படியுங்கள்.

எண் வேறாக இருந்தால் ஃபைலே வேறு. எண் ஒன்றாக இருந்தும் நிறம் வேறாகத் தெரிந்தால் அடுத்து கலர் புரொஃபைலை, அதாவது எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் சீட்டை, பார்க்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். அந்தக் காலத்தில் மூன்று படி அரிசி என்றால் எந்த ஊர்ப் படி என்று கேட்பார்கள். ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறும். அதே மாதிரிதான் 200, 30, 40 என்ற எண்ணும். எஸ்ஆர்ஜிபி புரொஃபைலில் அது ஒரு சிவப்பு. அடோபி ஆர்ஜிபி புரொஃபைலில் அதே எண் இன்னும் அழுத்தமான சிவப்பு. எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996ல் சேர்ந்து முன்வைத்த எஸ்ஆர்ஜிபிதான் இன்று இணையத்துக்கும் சாதாரண மானிட்டர்களுக்கும் பொதுப் படி. அடோபி ஆர்ஜிபி 1998ல் வந்தது. அதன் எல்லை, முக்கியமாகப் பச்சைப் பக்கத்தில், இன்னும் அகலமானது. புரொஃபைலும் ஒன்று, எண்ணும் ஒன்று என்றால் ஃபைலைக் குறை சொல்ல எதுவுமில்லை. திரையையும் கண்ணையும் சந்தேகப்படுங்கள்.

முழுப் படத்தையும் ஒரேயடியாகச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. இரண்டையும் ஒரே ஃபைலில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயராக வைத்து, மேல் லேயரின் பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். முழுக்கக் கறுப்பானால் இரண்டும் ஒன்றுதான். மேலே ஒரு லெவல்ஸ் லேயர் போட்டு வெளிச்சத்தைக் கூட்டினால், கண்ணுக்குத் தெரியாத வித்தியாசமும் மேலே வந்துவிடும். இரண்டு படத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

லைட்ரூம் காட்டும் எண்ணும் ஃபோட்டோஷாப் எண்ணும் ஒத்துப்போகவில்லையே?

போகாது, போகவும் தேவையில்லை. அடோபியின் இன்னொரு படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், திருத்தும் பக்கமான டெவலப் எண்ணைச் சதவீதமாகக் காட்டும், அதுவும் தன் சொந்த அகலமான நிற வெளியில் (காட்டக்கூடிய நிறங்களின் எல்லையில்) கணக்கிட்டு. வெளியே அனுப்பும்போது நிறம் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டும் சாஃப்ட் புரூஃபிங்கை ஆன் செய்து எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்தால் 0 முதல் 255 வரையிலான எண்கள் வரும். அந்த எண்ணை ஃபோட்டோஷாப்போடு ஒப்பிடலாம்.

கேமராத் திரையில் தேயிலைத் தோட்டம் பளிச்சென்று இருந்தது. லைட்ரூமில் ஏற்றியதும் முதலில் அப்படியே தெரிந்தது, ஒரு நொடியில் வெளுத்துவிட்டது. ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ரா ஃபைல் என்பது சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருப்பது; அதற்குள் கேமராவே செய்து வைத்த ஒரு சின்ன ஜேபெக் இருக்கிறது. கேமராவின் பின்திரையில் நீங்கள் பார்ப்பதும், லைட்ரூம் முதல் நொடியில் காட்டுவதும் அதைத்தான். கேமரா நிறுவனம் தன் ரசனைப்படி பச்சையைத் தூக்கி, கான்ட்ராஸ்ட் கூட்டிச் செய்தது அது. அடுத்த நொடி லைட்ரூம் ராவைத் தானே படித்து, தன் புரொஃபைலில், அதாவது ராவை நிறமாக்கும் தன் விதியில், காட்டுகிறது. 2018 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் புரொஃபைல் அடோபி கலர். அதற்கு முன் அடோபி ஸ்டாண்டர்ட். லைட்ரூமின் பழைய கேட்டலாக்கில் (படத் தொகுப்பில்) இருக்கும் படத்தையும் புதிதாக ஏற்றிய படத்தையும் ஒப்பிட்டு நிறம் வேறு என்று தோன்றினால், முதலில் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

கேமராவில் பார்த்த நிறமே வேண்டுமென்றால் புரொஃபைல் பிரவுசரில் கேமரா மேட்சிங் பகுதிக்குப் போய் ஸ்டாண்டர்ட், லேண்ட்ஸ்கேப், விவிட் இவற்றில் கேமராவில் வைத்திருந்ததைத் தேர்ந்தெடுங்கள். முழுக்க ஒன்றாகாது, கிட்டத்தட்ட வந்துவிடும். என் கருத்தைக் கேட்டால், தேயிலைக்கு லேண்ட்ஸ்கேப் வேண்டாம். இளங்கொழுந்தின் மஞ்சள் பச்சையும் முற்றிய இலையின் கரும்பச்சையும் அதில் ஒரே பச்சையாகிவிடுகின்றன. கொழுந்தும் இலையும் வேறு வேறாகத் தெரிந்தால்தான் அது தேயிலைத் தோட்டம்.

லைப்ரரியில் ஒரு நிறம், டெவலப்பில் ஒரு நிறம். எதை நம்புவது?

டெவலப்பை. படங்களை அடுக்கிப் பார்க்கும் பக்கமான லைப்ரரி காட்டுவது சேமித்து வைத்த ஜேபெக் முன்தோற்றம். அது அடோபி ஆர்ஜிபியில் இருக்கும். டெவலப் ராவிலிருந்து அந்த நேரத்திலேயே கணக்கிட்டுக் காட்டுகிறது. வித்தியாசம் லேசாக, மிக அழுத்தமான நிறங்களில் மட்டும் இருந்தால் அது இயல்பு. ஷார்ப்னஸிலும் நாய்ஸிலும் வித்தியாசம் என்றால் படத்தை ஒன்றுக்கு ஒன்று அளவில் வைத்துப் பாருங்கள்.

வித்தியாசம் பெரிதாக இருந்தால், அதாவது தோல் நிறமே ஆரஞ்சாகவோ நிழல்கள் பச்சையாகவோ மாறினால், உங்கள் திரையின் நிறங்களை விவரிக்கும் மானிட்டர் புரொஃபைல் பழுதாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் தானாக அப்டேட் ஆகும்போது மானிட்டர் தயாரிப்பாளரின் புரொஃபைல் ஒன்றும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வது நடக்கும். அவற்றில் சில சரியில்லாதவை. சோதிப்பது சுலபம். கன்ட்ரோல் பேனலில் கலர் மேனேஜ்மென்டைத் திறந்து, உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, எஸ்ஆர்ஜிபி புரொஃபைலைச் சேர்த்து அதையே டிஃபால்ட்டாக வையுங்கள். லைட்ரூமை மூடித் திறங்கள். இரண்டு பக்கமும் ஒன்றானால் குற்றவாளி பழைய புரொஃபைல்தான். எஸ்ஆர்ஜிபி வைப்பது நோயைக் கண்டுபிடிக்க மட்டும். நிரந்தர மருந்து, கருவி வைத்து மானிட்டரை அளந்து புதுப் புரொஃபைல் செய்வது.

லைட்ரூம் அமைப்பில் கிராபிக்ஸ் பிராசஸர் உதவியை அணைத்துப் பார்ப்பதும் இதே மாதிரி ஒரு சோதனை. அணைத்ததும் நிறம் சரியானால் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

கம்பேர் வியூவில் ஒரே படத்தின் இரண்டு காப்பியை வைத்தேன். இடது பக்கம் இருப்பது வெளிர்ந்து தெரிகிறது. எண் ஒன்றுதான். எப்படி?

படங்களை இடம் மாற்றி வையுங்கள். மறுபடியும் இடது பக்கமே வெளிர்ந்து தெரிந்தால் அது திரையின் வேலை. விலை குறைந்த லேப்டாப்களில் இருந்த டிஎன் வகைத் திரைகளில் தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் மாறும். மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே நிறத்தைக் காட்டுவதில்லை. ஐபிஎஸ் திரையில் இது மிகக் குறைவு, ஆனாலும் ஓரங்களில் வெளிச்சம் குறைந்த திரைகள் உண்டு. டிஎன் திரை வைத்திருப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே வேண்டாம். இரண்டையும் ஒரே இடத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாற்றி மாற்றிப் பாருங்கள்.

இடம் மாற்றியதும் வித்தியாசமும் கூடவே நகர்ந்தால், பக்கத்து நிறம் கண்ணை இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாரிஸின் கோப்லான் நெசவுச் சாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் ஷெவ்ரல், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இதே புகாரைச் சந்தித்தார். கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்றார்கள். அவர் ஆராய்ந்து பார்த்ததில் நூலின் சாயம் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை வெளிறவைத்தன. ஒரே சாம்பல் நிறத்தைத் தேயிலைப் பச்சைக்குப் பக்கத்தில் வைத்தால் லேசாகச் சிவந்து தெரியும், வானத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மஞ்சளாகத் தெரியும். ஆகவே ஒப்பிடும்போது பின்னணியை நடுத்தரச் சாம்பலில் வையுங்கள். ஒரு பக்கம் வெள்ளை விண்டோ, மறுபக்கம் கறுப்பு விண்டோ என்று வைத்து ஒப்பிட்டால் எந்தக் கண்ணும் தோற்கும்.

ஒரே தோட்டம், ஒரே நிமிடம், இரண்டு கிளிக். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா தானே கணித்து வெள்ளையை வெள்ளையாக்குவது. ஃபிரேமில் தேயிலை அதிகமாக வந்தால் ஒரு கணக்கு, மூடுபனி அதிகமாக வந்தால் இன்னொரு கணக்கு என்று கேமரா ஒவ்வொரு கிளிக்குக்கும் புதிதாக யோசிக்கிறது. போதாததற்கு நம் மலையில் வெளிச்சமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். குன்னூர் லேம்ஸ் ராக் பக்கம் நின்று பாருங்கள்: வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், அடுத்த மூச்சில் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம் கூடும்: நேர் வெயில் சுமார் 5200 முதல் 5500 கெல்வின். மப்பு மந்தாரமாக இருந்தால் 6500க்கு மேல். திறந்த வானத்தின் கீழ் நிழல் என்றால் 7000, 8000 கூடத் தாண்டும்.

கேமராவில் ஒயிட் பேலன்ஸை ஒரு நிலையில் பூட்டிவிட்டு எடுப்பதுதான் நல்ல வழி. எடுத்து முடித்துவிட்டீர்கள் என்றால் லைட்ரூமில் ஒரு படத்தைச் சரிசெய்து, அந்தத் திருத்தத்தை மற்றவற்றுக்கும் போகும்படி சிங்க் செய்யுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. முதல் படத்தின் ஒயிட் பேலன்ஸ் "ஆஸ் ஷாட்" (எடுத்தபடியே) என்று இருக்கும்போதே சிங்க் செய்தால், மற்ற படங்களுக்கும் "ஆஸ் ஷாட்" என்ற சொல்தான் போய்ச் சேரும், எண் போகாது. ஒவ்வொன்றும் தன் பழைய எண்ணிலேயே நிற்கும். டெம்பரேச்சர் ஸ்லைடரை ஒரு புள்ளி நகர்த்தி "கஸ்டம்" என்று மாறிய பிறகு சிங்க் செய்தால் எண் போகும். முந்நூறு படத்தை சிங்க் செய்தும் ஒன்றும் மாறவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு வருகிறவர்கள் பலருக்கு இதுதான் காரணம்.

ஹெத்தை பண்டிகையில் எடுத்த படங்களில் வெள்ளைத் துணி எல்லாம் நீலமாக இருக்கிறது. வெயிலில் நின்றவர் சரியாக இருக்கிறார், நிழலில் நின்றவர் நீலம். இரண்டு படத்தையும் எப்படி ஒன்றாக்குவது?

இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெள்ளைதான் இந்த மலையின் கடினமான நிறம். கோத்தகிரி பக்கம் பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் படுகர் மக்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளை உடுத்திக் கூடும்போது, அந்த வெள்ளை ஒரே வெள்ளையாகத் தெரிவது படத்துக்கு உயிர். நீலம் பாய்ந்தால் துக்கம் போல இருக்கும், மஞ்சள் பாய்ந்தால் அழுக்குப் போல இருக்கும்.

நீலம் வரக் காரணங்கள் இரண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் மலை வானம் துடைத்து வைத்தாற்போல் நீலமாக இருக்கும். நிழலில் நிற்பவர்மேல் சூரியன் படுவதில்லை. வானம்தான் அவருக்கு விளக்கு. நீல விளக்கின் கீழ் வெள்ளைத் துணி நீலமாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் நிற்கும்போது நம் கண் தானாகச் சமன்செய்துகொண்டு வெள்ளை என்று சொல்லிவிடுகிறது. கேமரா அப்படிச் செய்வதில்லை.

அடுத்த காரணம் துணியிலேயே இருக்கிறது. இன்றைய சலவைத் தூள்களில் வெண்மையூட்டும் பொருள் ஒன்று சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக வெளியே விடும். சமவெளியை விட நம் மலையில் புற ஊதாக் கதிர் அதிகம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 10 சதவீதம் கூடும் என்பது பொதுக் கணக்கு, ஊட்டி இருப்பதோ 2240 மீட்டர் உயரத்தில். அதனால் புதுச் சலவைத் துணியும் பல முறை துவைத்து நாள்பட்ட பழந்துணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலே இரண்டு வெள்ளை தெரியும். அது படத்தின் பிழையில்லை, துணி உண்மையிலேயே அப்படித்தான் ஒளிர்கிறது.

திருத்துவது எப்படி? ஒயிட் பேலன்ஸ் ஐட்ராப்பரைத் துணிமேல் வைக்காதீர்கள். வெண்மையூட்டிய துணியை நடுநிலை என்று நம்பினால் முகங்கள் எல்லாம் மஞ்சளாகிவிடும். பாறை, சிமென்ட் தரை, நரைத்த தாடி இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். எடுக்கும்போதே ஒரு படத்தில் கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் அட்டை) காட்டி வைத்திருந்தால் இன்னும் நல்லது. வெயில் படங்களுக்கு ஒரு எண், நிழல் படங்களுக்கு ஒரு எண் என்று இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரே ஃபிரேமில் வெயிலும் நிழலும் இருந்தால் வெயிலுக்கு ஏற்ப முழுப் படத்தையும் வைத்துவிட்டு, நிழல் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு டெம்பரேச்சரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். முழுக்க நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டாம். நான் எப்போதும் நீலத்தில் சிறிது விட்டுவைப்பேன், உதாரணமாக 228, 231, 238 என்ற அளவில். நிழல் குளிர்ச்சியாக இருந்தால்தான் அது மலைக் காலை என்று தெரியும்.

இரண்டு குழுவையும் ஒப்பிட லைட்ரூம் கிளாசிக்கில் ரெபரன்ஸ் வியூ இருக்கிறது. ஷிஃப்டோடு ஆர் விசை. சரிசெய்த ஒரு படத்தை இடப்பக்கம் நிறுத்திவைத்து, வலப்பக்கம் மற்றொன்றைத் திருத்தலாம். லைப்ரரியின் கம்பேர் வியூவை விட இந்த வேலைக்கு இதுதான் நம்பகமானது, ஏனென்றால் திருத்தும்போதே இரண்டும் கண்முன் இருக்கும்.

தோடர் பூவேலைச் சால்வையைப் படம் எடுத்தால் சிவப்பு ஒரே திட்டாகிவிடுகிறது. இரண்டு கேமராவில் இரண்டு சிவப்பு வேறு.

பூத்துக்குளி என்ற அந்தச் சால்வையில் நிறமே மூன்றுதான்: வெளிர் பருத்தி, சிவப்பு, கறுப்பு. தோடர் பூவேலைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒவ்வொரு இழையையும் எண்ணிப் பெண்கள் கையால் போடும் தையல் அது. சிவப்பு திட்டாகிவிட்டால் தையலே காணாமல் போகிறது. அந்த உழைப்பை அச்சுத் துணி போலக் காட்டுவது எனக்கு மனது ஆறாத விஷயம்.

திட்டாவதற்குக் காரணம் சிவப்பு சேனல் மட்டும் 255ஐத் தொட்டு நின்றுவிடுவது. வெளிச்சப் பரவலைக் காட்டும் மொத்த ஹிஸ்டோகிராம் நன்றாகத்தான் இருக்கும், அதனால் தெரியாது. சிவப்பு சேனலை மட்டும் தனியாகப் பாருங்கள். எடுக்கும்போது எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்து, ராவில் எடுங்கள். எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும்போதும் இதே விபத்து நேரும்: அகல வெளியில் வேறு வேறாக இருந்த பத்துச் சிவப்புகள், எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே இருப்பதால், எல்லைக்கோட்டில் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். சாஃப்ட் புரூஃபிங்கில் எல்லை மீறும் எச்சரிக்கையை ஆன் செய்து, சிவப்பின் சாச்சுரேஷனைச் சற்றே இறக்கினால் இழைகள் திரும்ப வரும். படம் சற்று அடங்கித் தெரியும், தையல் தெரியும். தையல் முக்கியம்.

ஒருமுறை நான் ஒரு விற்பனைப் பட்டியலுக்கு இருபது சால்வைகளை இரண்டு நாளில் எடுத்தேன். முதல் நாள் ஜன்னல் வெளிச்சம், மறுநாள் மழை, ஆகவே எல்இடி விளக்கு. கிரே கார்டு வைத்து இரண்டு நாளையும் சமன் செய்தேன். வெள்ளை ஒன்றானது, கறுப்பு ஒன்றானது, சிவப்பு மட்டும் ஒன்றாகவில்லை. இரவு முழுக்க ஸ்லைடரோடு போராடினேன். பிறகுதான் புரிந்தது: சால்வைகளில் இரண்டு விதச் சாய நூல் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவை ஒரே சிவப்பு, அந்த எல்இடியின் கீழ் இரண்டு சிவப்பு. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரிகிற இந்தக் குணத்தை மெட்டாமெரிசம் என்பார்கள். துணிக்கடையில் பொருந்திய ரவிக்கைத் துணி தெருவில் வந்து பார்த்தால் சேலையோடு பொருந்தாதது இதனால்தான். ஒயிட் பேலன்ஸால் இதைச் சரிசெய்ய முடியாது. வெயில் வந்த பிறகு இருபதையும் ஜன்னலோரத்தில் மறுபடி எடுத்தேன். விளக்கில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் நிற வெளிப்பாட்டுக் குறியீடு (சிஆர்ஐ) 95க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். வீட்டுக்கு வாங்கும் எல்இடிகள் பெரும்பாலும் 80 சுற்றில்தான் இருக்கும்.

இரண்டு கேமராவின் சிவப்பை ஒன்றாக்க, ஒரே வெளிச்சத்தில் இரண்டிலும், அளவான நிறக் கட்டங்கள் கொண்ட கலர் செக்கர் அட்டையைப் படம் எடுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப் புரொஃபைல் செய்துகொள்ளுங்கள். இரண்டு கேமராவிலும் 5500 என்று ஒரே கெல்வின் வைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. சென்சார்மேல் உள்ள வடிகட்டிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு.

கல்யாண மண்டபத்தில் தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்று விட்டு ஒன்று மஞ்சளாக வருகிறது.

விளக்கு துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எழும். ஷட்டர் வேகம் 1/500 என்றால் ஒவ்வொரு படமும் துடிப்பின் ஒவ்வொரு இடத்தில் மாட்டும். 1/100 அல்லது 1/50க்கு இறக்குங்கள். கேமராவில் ஆன்டி ஃபிளிக்கர் இருந்தால் ஆன் செய்யுங்கள். எடுத்தாகிவிட்ட படங்களை ஒவ்வொன்றாகத்தான் திருத்த வேண்டும், சிங்க் உதவாது.

எடிட் செய்த படத்தை ஃபோனில் பார்த்தால் வேறு. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் வேறு.

ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். அடோபி ஆர்ஜிபியிலோ அதைவிட அகலமான புரோஃபோட்டோ புரொஃபைலிலோ அனுப்பிய ஃபைலை, புரொஃபைலைப் படிக்காத செயலி எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டு திறக்கும். படம் வெளுத்து, ஊரே சோகை பிடித்தாற்போல் இருக்கும். அப்படி வந்த ஃபைலை ஃபோட்டோஷாப்பில் திறக்கும்போது அசைன் புரொஃபைலையும் கன்வெர்ட் டு புரொஃபைலையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அசைன் என்பது எண்ணை அப்படியே விட்டு, எந்த ஊர்ப் படி என்ற சீட்டை மட்டும் மாற்றுவது, நிறம் மாறும். கன்வெர்ட் என்பது அரிசி குறையாமல் வேறு படியால் அளப்பது. எண் மாறும், நிறம் நிற்கும். சீட்டு தொலைந்த ஃபைலுக்கு அசைன், சீட்டுள்ள ஃபைலை அனுப்ப கன்வெர்ட்.

ஃபோன் பக்கம் பார்த்தால், பல ஃபோன்களில் திரை விவிட் நிலையில் வரும். நேச்சுரல் என்று மாற்றிப் பாருங்கள். ஐஃபோனில் ட்ரூ டோனையும் நைட் ஷிஃப்டையும் அணையுங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்; நிறம் முக்கியமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

சாயங்காலம் திருத்தினால் நன்றாக இருக்கிறது, காலையில் பார்த்தால் நீலமாக இருக்கிறது.

விண்டோஸில் நைட் லைட் ஆனில் இருக்கும். சூரியன் மறைந்ததும் திரை மஞ்சளாகும், அதைச் சமன்செய்ய நீங்கள் படத்தை நீலமாக்கியிருப்பீர்கள். அணையுங்கள், தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பையும் சேர்த்து.

லேபிலிருந்து வந்த பிரிண்ட் திரையை விட இருட்டாக இருக்கிறது. லேப்காரர் தன் மேல் தப்பில்லை என்கிறார்.

பெரும்பாலும் அவர் சொல்வது சரி. கடையில் வாங்கிய மானிட்டர் முழு வெளிச்சத்தில் எரிகிறது. காகிதம் தானாக ஒளிர்வதில்லை. திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்கு இறக்கித் திருத்துங்கள். அளக்கும் கருவி இல்லாவிட்டால், திரையில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் வெளிச்சம் படும்படி ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகும்வரை குறையுங்கள். பிரிண்டைப் பார்க்கும் வெளிச்சமும் கணக்கில் உண்டு. அச்சுத் தொழிலில் இதற்கு 5000 கெல்வின் வெளிச்சம் வழக்கம். வீட்டு ஹாலில் மஞ்சள் பல்பின் கீழ் பார்த்துவிட்டு நிறம் சரியில்லை என்று சொல்வது லேபுக்கு நியாயம் செய்வதாகாது. லேபிடம் அவர்களுடைய காகிதப் புரொஃபைலைக் கேட்டு வாங்கி சாஃப்ட் புரூஃப் செய்யுங்கள். தர மறுக்கும் லேப் என்றால், ஆல்பம் அடிக்கும் முன் நாலு படத்தைச் சோதனையாகப் போட்டு வாங்குங்கள்.

மானிட்டரின் நிறத்தை அளக்கும் கருவி கட்டாயமா?

காசு வாங்கிக்கொண்டு படம் திருத்துகிறவருக்குக் கட்டாயம். புதுக் கேமரா லென்ஸுக்கு முன்னால் இதை வாங்குங்கள். ஒரு கருவியை நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்கி, மாதத்துக்கு ஒருமுறை சுற்றில் விட்டால் போதும். வீட்டுப் படங்களுக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறேன். ஒன்றில் முன், ஒன்றில் பின் என்று ஒப்பிடலாமா?

வேண்டாம். இரண்டையும் கருவி வைத்து அளந்தாலும் முழுக்க ஒன்றாகாது. ஒன்றில் படம், மற்றதில் பேனல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன், பின் ஒப்பீட்டை டெவலப்பில் ஒய் விசை அழுத்தி ஒரே திரையில் செய்யுங்கள்.

2018ல் கொடைக்கானலில் எடுத்த நீலக்குறிஞ்சிப் படங்கள் ஒன்றில் நீலம், ஒன்றில் கத்திரிப்பூ நிறம். எது சரி? 2030ல் எடுப்பதோடு ஒப்பிட வேண்டுமே?

12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் பூ. 2006, 2018, அடுத்து 2030. தவறவிட்டால் மறுபடி எடுக்க முடியாத படங்கள் இவை என்பதால், இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும்.

நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் நிற்கும் நிறங்கள் கேமராக்களுக்குக் கடினம். நம் கண் அந்த இடத்தைப் பார்க்கும் விதமும் சென்சார் பார்க்கும் விதமும் ஒன்றில்லை. கேமராவுக்குக் கேமரா, புரொஃபைலுக்குப் புரொஃபைல் பூ நீலப் பக்கமோ சிவப்புப் பக்கமோ சாயும். அதோடு பூவும் மாறும்: புதிதாக விரிந்ததற்கும் வாடத் தொடங்கியதற்கும் நிறம் ஒன்றல்ல, மூட்டத்திலும் வெயிலிலும் ஒன்றல்ல. அதனால் உங்கள் இரண்டு படத்தில் எது சரி என்று திரையைப் பார்த்து மட்டும் யாராலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே புரொஃபைல் வைத்து, அதே ஃபிரேமில் உள்ள பாறையையோ காய்ந்த கிளையையோ நடுநிலையாக்கி, பிறகு பூவின் எண்ணைப் பாருங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால், அது பூவினுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒப்பீட்டுக்காகவே படம் எடுப்பது எப்படி என்று கற்க நமக்குக் கொடைக்கானலிலேயே ஓர் இடம் உண்டு. சூரிய ஆய்வகத்தில் 1900களின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் புகைப்படத் தகடுகளில் பதிவு செய்து வந்திருக்கிறார்கள். இன்று அவை டிஜிட்டலாக்கப்பட்டு, ஒரு நூற்றாண்டுச் சூரியனை ஒன்றோடொன்று ஒப்பிட உதவுகின்றன. ஒரே பொருளை ஒரே முறையில் விடாமல் பதிவு செய்ததால்தான் அது முடிகிறது.

2018 படங்களின் ரா ஃபைல்களை அழிக்காதீர்கள். திருத்திய ஜேபெக் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். அன்று எடுத்த கேமரா இன்னும் இருந்தால் விற்காமல் வையுங்கள். அதில் இப்போதே ஒரு கலர் செக்கர் அட்டையை வெயிலில் எடுத்து, புரொஃபைல் செய்து சேமியுங்கள். 2030ல் எந்தக் கேமரா கையில் இருந்தாலும், ஒவ்வொரு சரிவிலும் முதல் படம் அட்டையோடு இருக்கட்டும். வெயிலா மூட்டமா, மணி எத்தனை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரு பூவைப் பறிக்காமல், செடியிலேயே அட்டையை அருகில் பிடித்து எடுத்தால் போதும்.